மெய்நிகர்: எந்த மெய்க்கு நிகர்?

'வர்ச்சுவல் ரியாலிட்டி'யைத் தமிழில் மெய்நிகர் என்கிறோம். மெய் என்றால் உண்மை, உடம்பும்தான். பக்கவாதத்தில் கை விழுந்தவருக்கும் காலிழந்தவருக்கும் இந்தக் கருவியால் பயிற்சி தரும்போது, காட்சி எவ்வளவு தத்ரூபம் என்பதே முதற்கேள்வியாக எழுகிறது. உடம்பிடம் அது வாங்கும் வேலை நிஜ வேலையை ஒத்திருக்கிறதா என்பதல்லவா முதலில் வரவேண்டும்?

நியூ ஜெர்சியில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் கிரிகோரே புர்தியா பங்கேற்று உருவான கைப்பயிற்சியை எடுத்துக்கொள்வோம். நோயாளி விரல்களை மடக்கி விரிக்க, திரையில் ஒரு வைப்பர் மங்கிய கண்ணாடியைத் துடைத்துப் பின்னாலிருக்கும் நிலக்காட்சியைக் காட்டும். விரலை மடக்கி யார் கண்ணாடி துடைக்கிறார்கள்? விரல்களைத் தனித்தனியே அசைக்கப் பியானோ. வலுவுக்கு, உள்ளங்கையில் காற்றழுத்தப் பிஸ்டன்கள் பொருத்திய கையுறை. படம் பொம்மைத்தனமானது, விரல் படும் பாடு நிஜம். அல்மா மெரியன்ஸ் குழுவினர் 2002இல் 'பிசிகல் தெரபி' இதழில் வெளியிட்ட ஆய்வில் விரலசைவு மேம்பட்டது. ஆனால் நோயாளிகள் மூவர்தான். நிஜப் பொருள்களைக் கையாளும் பயிற்சியும் கலந்திருந்ததால், பலன் எதனுடையது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

நடையின் கதை வேறு. டெக்சாஸின் சான் அன்டோனியோவில் 2007இல் திறந்த ராணுவ மறுவாழ்வு மையமான 'சென்டர் ஃபார் தி இன்ட்ரெபிட்'டில், வளைந்த பெருந்திரைக்கு நடுவே அசையும் மேடைமீது டிரெட்மில் இருக்கிறது. மெக்ஆண்ட்ரூ, டிங்வெல், வில்கன் மூவரின் 2010ஆம் ஆண்டு ஆய்வில், தளத்தை ஆட்டாமல் காட்சியை மட்டும் பக்கவாட்டில் ஆட்டியபோதே ஆரோக்கியமானவர்களின் அடிவைப்பு தடுமாறியது. சமநிலையைப் பொறுத்தவரை உடம்பு திரையை நம்பிவிடுகிறது.

கைக்கெட்டும் தூரத்தில் அந்த நம்பிக்கை தளர்கிறது. ஹெட்செட்டில் அருகே தெரியும் டம்ளரை நோக்கி இரு கண்களும் உள்நோக்கித் திரும்புகின்றன; கண் லென்ஸின் குவியமோ திரையின் மாறாத தொலைவிலேயே நிற்க வேண்டும். இவ்வகை முரண் கண்ணை அயரவைப்பதை பே ஏரியாவின் பெர்க்லியில் மார்ட்டின் பேங்க்ஸ் குழுவினர் 2008இல் காட்டினர். மாண்ட்ரியலின் மிண்டி லெவின் குழு 2011இல் ஆரோக்கியமானவர்களிடமே, மெய்நிகர்ப் பொருளைப் பற்றும் கை மெதுவாகச் செல்வதையும் விரல்கள் தேவைக்குமேல் விரிவதையும் அளந்தது. நலிந்த கைக்கு இந்தப் பழக்கம் ஏன் வேண்டும்?

பெரிய சோதனைகள் உற்சாகத்துக்கு இடம் தரவில்லை. நான்கு நாடுகளில் பக்கவாத நோயாளிகள் 141 பேரிடம் நடந்து 2016இல் வெளியான 'எவ்ரெஸ்ட்' ஆய்வில், நின்டெண்டோ வீ ஆட்டம் சீட்டாட்டத்தையும் பிங்கோவையும் மிஞ்சவில்லை. 72 சோதனைகளைத் தொகுத்த 2017ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வின்படியும், கையின் செயல்பாட்டில் மெய்நிகர்ப் பயிற்சி வழக்கமான சிகிச்சையை முந்தவில்லை; அதற்கு மேலாகக் கூடுதல் நேரம் பயிற்சி தந்தபோதுதான் பலன் தெரிந்தது. ஆக, கருவியின் பெரிய பயன் நோயாளியை அலுக்காமல் நூறு முறை விரலை மடக்கவைப்பதே என்பேன். இது சிறிய காரியமல்ல. பிசியோதெரபிஸ்டுகளைக் கேட்டால் தெரியும்.

நியூ ஜெர்சியின் எடிசனில் மகன் வீட்டோடு இருக்கும், பக்கவாதத்தில் கை விழுந்த ஒரு தமிழ்ப் பெரியவரை நினைத்துப் பார்க்கலாம். கை திரும்பினால் அவருக்கு முதலில் வேண்டியது பியானோ அல்ல, சாம்பார் சாதத்தைப் பிசைந்து தானே வாயில் இட்டுக்கொள்வது. சூடு, ஈரம், பருக்கை நசுங்கும் பதம் என்று அந்த வேலையில் பாதி தொடுவுணர்வு. அந்தப் பாதிக்கு ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு, ஒரு தட்டும் கொஞ்சம் சோறும் எதிரில் வைக்கலாம்.