பாதித் தலைநகரம்

மைசூர் சாண்டல் சோப்பு பிறந்த ஊர் பெங்களூர். 1913-இல் தொடங்கிய மைசூர் வங்கிக்கும் தலைமை அலுவலகம் பெங்களூரில்தான். மைசூர் சமஸ்தானத்தின் செயலகமும் கருவூலமும் இருந்ததுகூட அங்கேதான். சமஸ்தானத்துக்குப் பெயர் கொடுத்த ஊருக்கு மிஞ்சியவை அரண்மனையும் ஆண்டுக்கொரு தசராவும். ஆனாலும் சுற்றுலாக் கையேடுகள் மைசூரைத் தலைநகர் என்றே நமக்கு அறிமுகம் செய்கின்றன. அகலமான சாலைகள், மர நிழல், இரண்டு வீட்டுக்கு நடுவே மூச்சுவிட இடம் எல்லாம் தலைநகராக இருந்ததால் கிடைத்த சொத்து என்றே பலரும் எண்ணுகிறார்கள். வரலாற்றைப் புரட்டினால் கதை வேறு மாதிரி இருக்கிறது. முழுத் தலைநகராக இருக்க முடியாமல் போனதுதான் மைசூருக்கு நல்லதாக முடிந்தது. மகுடம் இங்கே தங்கிவிட்டது, கோப்புகள் வண்டியேறிப் போய்விட்டன. இன்று நாம் பார்க்கும் ஊர் அந்தப் பாகப்பிரிவினையில் உருவானது.

முதலில் ஊரின் வயதைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். உடையார் வம்சம் 1399-இல் யதுராயரோடு தொடங்கியது என்பது அந்தக் குலத்தின் வழக்கு. அதை வைத்து மைசூரை அறுநூறு ஆண்டுத் தலைநகர் என்பவர்கள் நடுவிலுள்ள பெரிய பள்ளத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். 1610-இல் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பிடித்ததும் அரியணை காவிரித் தீவுக்குப் போயிற்று. தசரா அரச விழாவாகத் தொடங்கியதும் அந்தத் தீவில்தான். அதற்குப் பிறகு ஏறத்தாழ 190 ஆண்டுகள் மைசூர் இரண்டாம் வரிசை ஊர். போதாக்குறைக்கு, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திப்பு சுல்தான் அதன் கோட்டையை இடித்து, கற்களைச் சற்றுக் கிழக்கே கொண்டுபோய் நஜர்பாத் என்ற புதுக் கோட்டையை எழுப்பத் தொடங்கினார். 1799 மே 4-ஆம் தேதி அவர் போரில் வீழ்ந்தபின், மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் என்ற ஐந்து வயதுப் பிள்ளையை ஆங்கிலேயர் அரியணை ஏற்றியபோது மைசூரில் அரண்மனை என்று சொல்ல எதுவும் இல்லை. பந்தல் போட்டுத்தான் முடிசூட்டினார்கள். நஜர்பாத் கற்கள் திரும்பி வந்து மைசூர்க் கோட்டையாயின. சாமுண்டி மலைக் கோயிலும், மலைப்பாதையில் 17-ஆம் நூற்றாண்டில் தொட்ட தேவராஜ உடையார் செதுக்க வைத்த நந்தியும் பழையவைதாம். மலைக்குக் கீழே விரிந்திருக்கும் நகரமோ, தலைநகர்க் கணக்கில், 1639-இல் தொடங்கிய சென்னைப் பட்டணத்தைவிட 160 ஆண்டு இளையது.

அந்தத் தலைநகர் வாழ்வும் 32 ஆண்டுகளில் முடிந்தது. நகர் சீமையில் மூண்ட குடியானவர் கிளர்ச்சியையும் கஜானாவின் நிலையையும் காரணம் காட்டி, 1831-இல் கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் ஆட்சியைப் பறித்தார். கருவூலமும் நிர்வாகமும் பெங்களூருக்குப் பெயர்ந்தன. 1834 முதல் 1861 வரை கமிஷனராக இருந்த மார்க் கப்பன் அங்கிருந்தே மொத்தச் சீமையையும் ஆண்டார். 18 இலாகாக்களுக்காகக் கட்டிய அட்டாரா கச்சேரி 1868-இல் பெங்களூரில் எழுந்தது. இன்று அதில் கர்நாடக உயர் நீதிமன்றம் நடக்கிறது. அதே 1868-இல்தான் மூன்றாம் கிருஷ்ணராஜர் காலமானார். இடைப்பட்ட 37 ஆண்டுகள் அதிகாரம் ஏதுமில்லாத மன்னராக மைசூரிலேயே இருந்தார். ஆனால் கையில் காசு இருந்தது. ஆட்சி போனாலும், ஆண்டுக்கு ஒரு லட்சம் நட்சத்திர வராகனும் சீமையின் நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் அவருக்குச் சேர வேண்டும் என்பது உடன்படிக்கை. என் வாதம் இந்த வரியில்தான் நிற்கிறது. வரி வசூல், வழக்கு, போலீஸ், பட்டாளம் என்று எந்தச் செலவும் பொறுப்பும் இல்லாத ஒரு பெரிய வருமானம், ஒரு சிறிய ஊருக்குள் ஆண்டுதோறும் வந்து விழுந்தது. அது எங்கே போகும்? வித்வான்களுக்கும் ஓவியர்களுக்கும் புலவர்களுக்கும் போயிற்று; 1861-இல் ஜகன்மோகன் அரண்மனையாக நின்றது; 1864-இல் குக்கரஹள்ளி ஏரியாகத் தேங்கியது. வேலையற்ற மன்னர் என்று அவரை எளிதாகக் கேலி செய்துவிடலாம். அந்த வேலையின்மைதான் ஊருக்கு ஒரு குணத்தைக் கொடுத்தது.

ஆட்சியை இழந்தால் ஊர் செழிக்கும் என்று இதைப் புரிந்துகொண்டால் தவறு. தஞ்சாவூரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது விளங்கும். மைசூரில் பந்தல் போட்ட அதே 1799-இல்தான் இரண்டாம் சரபோஜி தஞ்சைச் சீமையைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார். கோட்டையும் சுற்றுப்புறமும் மட்டும் அவருக்கு. அவரும் பொறுப்பில்லாத பணத்தைச் சரஸ்வதி மகாலிலும் சங்கீதத்திலும் மருத்துவத்திலும் போட்டார். அவர் மகன் சிவாஜி 1855-இல் ஆண் வாரிசு இன்றி இறந்ததும் கம்பெனி கதவை இழுத்துச் சாத்தியது. ஆதரித்த அரண்மனை போனபின் கலைஞர்கள் பிற சமஸ்தானங்களையும் சென்னையையும் நாடினார்கள். அதற்கு முன்பே தஞ்சை நால்வரில் மூத்தவரான சின்னையா மைசூர் அவைக்குப் போயிருந்தார். மைசூரும் இதே கத்தியின் கீழ்தான் இருந்தது. மூன்றாம் கிருஷ்ணராஜருக்கும் நேர் வாரிசு இல்லை. 1865-இல் அவர் எடுத்த சுவீகாரத்தை முதலில் ஏற்க மறுத்த ஆங்கில அரசு 1867-இல் மனம் மாறியது; 1857 கலகத்துக்குப் பிறகு சமஸ்தானங்களை விழுங்கும் துணிச்சல் குறைந்திருந்தது. பன்னிரண்டு ஆண்டு இடைவெளிதான் இரண்டு ஊர்களின் தலையெழுத்தையும் வேறாக்கியது. ஆக, கோப்புகள் போனால் போதாது, மகுடமும் நிலைக்க வேண்டும். இரண்டும் போன ஸ்ரீரங்கப்பட்டணம் இன்று ஒரு தாலுகா ஊர். தஞ்சை வட்டாரத்துப் பண்டிதர் ஒருவர் கொடுத்த சுவடி மைசூர் கீழ்த்திசை நூலகத்துக்கு வந்து சேர்ந்து, 1905-இல் சாமசாஸ்திரி கையில் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரமாக வெளிச்சத்துக்கு வந்ததில் ஆச்சரியம் இல்லை. சுவடிகளும் சம்பளம் இருக்கும் ஊரைத் தேடித்தான் போகின்றன.

1881-இல் ஆட்சி மீண்டும் உடையார்களிடம் வந்தது. அப்போதாவது கோப்புகள் மைசூருக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. செங்கல்பட்டுச் சீமைக்காரரான திவான் ரங்காச்சார்லு பெங்களூரில் இருந்தே நிர்வாகம் செய்தார். 1883 முதல் 1901 வரை திவானாக இருந்த சேஷாத்ரி ஐயரும் அப்படியே. ரங்காச்சார்லு அமைத்த பிரதிநிதி சபை மட்டும் மைசூரில், அதுவும் தசராவை ஒட்டிக் கூடியது. 1881 அக்டோபரில் நடந்த முதல் கூட்டத்துக்கு வந்தவர்கள் 144 பேர். சட்டம் இயற்றும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. திவானின் அறிக்கையைக் கேட்டு, குறைகளைச் சொல்லிவிட்டு, ஊர்வலம் பார்த்துத் திரும்பினார்கள். அரசாங்கம் மைசூருக்குத் திருவிழாவுக்கு வரும் விருந்தாளி. மக்கள்தொகையும் இதையே சொல்கிறது. 1891-இல் 74,048 பேர் இருந்த மைசூரில் 1901-இல் 68,111 பேர்தான். அதே 1901-இல் கண்டோன்மென்ட்டையும் சேர்த்து பெங்களூரில் 1,59,046 பேர்.

எண்ணிக்கை குறைந்ததற்கு நேரடிக் காரணம் பிளேக். அதற்கு ஓராண்டு முன்னால், 1897 பிப்ரவரியில், இளவரசி ஜயலட்சம்மண்ணியின் திருமணத்தின்போது பழைய மர அரண்மனை எரிந்துபோனது. அரசப் பிரதிநிதியாக இருந்த மகாராணி கெம்பநஞ்சம்மண்ணி புது அரண்மனை கட்டும் பொறுப்பை ஹென்றி இர்வினிடம் கொடுத்தார். சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்தில் கைவைத்த அதே இர்வின். கிளாஸ்கோவில் வார்த்த இரும்புத் தூண்கள் கப்பலேறி வந்தன. 41 லட்சம் ரூபாய்க்கு மேல் செலவழித்து 1912-இல் வேலை முடிந்தது. சுற்றுலாப் பயணிகள் பழங்காலம் என்று அண்ணாந்து பார்க்கும் அரண்மனைக்கு, நம் எழும்பூர் ரயில் நிலையத்தின் வயதுதான். பிளேக்கும் தீயும் அடுத்தடுத்து வந்ததால், நெரிசலான கோட்டைக்குள்ளிருந்து குடிகளை வெளியேற்றவும் புதிய பேட்டைகளுக்குக் கோடு போடவும் வாய்ப்பும் சாக்கும் ஒன்றாகக் கிடைத்தன. 1903-இல் நகர அபிவிருத்தி வாரியம் அமைந்தது. பம்பாய்க்கு அடுத்து இந்தியாவில் முதன்முதலாக அமைந்த இத்தகைய வாரியங்களில் அதுவும் ஒன்று.

இந்த இடத்தில் ஓர் எதிர்வாதம் வரும்: அரசர்களும் திவான்களும் தொலைநோக்கு உள்ளவர்கள், அதனால்தான் ஊர் நன்றாக அமைந்தது, பாதித் தலைநகர் என்பதெல்லாம் வீண் தர்க்கம். அவர்களுடைய தொலைநோக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே ஆட்கள்தான் அதே பிளேக்கின்போது பெங்களூரில் பசவனகுடியையும் மல்லேஸ்வரத்தையும் வகுத்தார்கள். அங்கும் நேர்த்தெரு, அங்கும் மரங்கள், அங்கும் கோயிலும் பூங்காவும். வகுத்த கை ஒன்று; பிற்பாடு நடந்தது வேறு. செயலகமும் பட்டாளமும் இருந்த ஊரைத் தேடி 1940-இல் விமானத் தொழிற்சாலையும், அடுத்த பதினைந்து ஆண்டுக்குள் தொலைபேசி, இயந்திரக் கருவிகள் செய்யும் பொதுத்துறை ஆலைகளும் வந்தன. போட்ட கோடுகள் மேல் பெங்களூர் ஏறி நடந்தது. ஏரிகள் பேருந்து நிலையமாகவும் விளையாட்டரங்கமாகவும் மாறின. மைசூரில் அந்தக் கோடுகள் பிழைத்ததற்குக் காரணம் அவற்றை அழிக்க ஆள் வரவில்லை என்பதே. இங்கே வந்த தொழில்களும் அரண்மனை வாடை வீசுபவை: பட்டு, சந்தன எண்ணெய், 1937-இல் நான்காம் கிருஷ்ணராஜர் தொடங்கிய அரக்கு, பெயின்ட் ஆலை. ஓட்டுப் போடும்போது நம் விரலில் வைக்கும் மை 1962 தேர்தல் முதல் அந்த ஆலையில்தான் தயாராகிறது.

வேறொரு எதிர்வாதம் இதைவிடக் கனமானது. இந்த அழகு யாருக்கு? லட்சுமிபுரம், கிருஷ்ணமூர்த்திபுரம், சாமராஜபுரம் போன்ற பழைய பேட்டைகளில் வீடுகளின் பின்பக்கம் நடந்தால் பதில் தெரியும். முதுகோடு முதுகு காட்டி நிற்கும் இரண்டு வரிசை வீடுகளுக்கு நடுவே ஒரு வண்டி நுழையும் அகலத்தில் சந்து ஓடுகிறது. உள்ளூரில் ‘கன்சர்வன்சி’ என்பார்கள். வீட்டுக்காரர் முன்வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருக்கும்போது, பின்புறச் சுவரின் சிறு திறப்பு வழியாக மலத்தை அள்ளிப்போக ஒடுக்கப்பட்ட சாதியினருக்கென்று ஒதுக்கிய பாதை அது. சுகாதாரத் திட்டத்தின் பெருமைமிகு அங்கமாக வகுக்கப்பட்டது. தீண்டாமையை வரைபடத்திலேயே பதித்துவிட்டதால், முன்தெருவில் நடப்பவர் கண்ணுக்கு அது தட்டுப்படவே இல்லை. பாதாளச் சாக்கடை வந்தபின் சந்துகள் குப்பைக்கும் புதருக்கும் விடப்பட்டன. சிலவற்றைப் பக்கத்து வீடுகள் விழுங்கிவிட்டன. இதைச் சொல்லாமல் மைசூரின் நகர அமைப்பைப் புகழ்வது முன்வாசலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதாகும். ‘பென்ஷன்காரர்களின் சொர்க்கம்’ என்ற பெயரும் இரண்டு பக்கமும் வெட்டும்: வேலை தேடும் வயதுள்ளவர்கள் பெங்களூர் ரயிலில் ஏறியதால்தானே ஊர் பென்ஷன்காரர்களுக்கு மிஞ்சியது.

சுதந்திரத்துக்குப் பின் மகுடமும் போனது. அப்போது மைசூரும் தஞ்சையின் வழியில் போயிருக்கலாம். போகாததற்குக் காரணம், இளவரசிகளுக்காகக் கட்டிய மாளிகைகள் காலியாக இருந்ததுதான் என்று தோன்றுகிறது. செலுவாம்பா மாளிகையில் 1950-இல் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் குடியேறியது. காரஞ்சி மாளிகை அஞ்சல் துறைப் பயிற்சிக்குப் போயிற்று. ஜயலட்சுமி விலாசம் 1916-இல் தொடங்கிய மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் நாட்டுப்புறவியல் அருங்காட்சியகமாயிற்று. 1969-இல் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் வந்தது. நம் செம்மொழித் தமிழ் மையமும் 2008-இல் சென்னைக்கு மாறும்வரை அங்கேதான் இருந்தது. 1966-இல் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு ஊட்டியிலிருந்து மைசூருக்கு இடம் மாறியதால், தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் அரை நூற்றாண்டுக்கு மேல் அந்த ஊரில் அடுக்கிக் கிடந்தன. அவற்றைச் சென்னைக்குக் கொண்டுவர 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட வேண்டியிருந்தது. நமக்கு எரிச்சலூட்டிய விஷயம்தான். ஆனால் ஆளும் வேலையில்லாத ஊரில் இடம் தாராளம், கூட்டம் குறைவு, ஆகவே ஆவணங்களும் ஆய்வாளர்களும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்ற பழைய கணக்குதான் இங்கும் வேலை செய்திருக்கிறது.

இந்தக் கணக்கு இனியும் ஓடுமா என்பது சந்தேகம். ஓடுவதற்குத் தேவையாக இருந்த தூரம் சுருங்கிவிட்டது. 2023 மார்ச்சில் திறந்த 118 கிலோமீட்டர் விரைவுச் சாலையில் பெங்களூர் ஒன்றரை மணி நேரம்தான். பழைய கட்டடங்களைப் பேணும் பணமும் அக்கறையும் அரண்மனையோடு போய்விட்டன: 2012-இல் லான்ஸ்டவுன் கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து நான்கு பேர் இறந்தார்கள், 2016-இல் தேவராஜ மார்க்கெட்டின் வடக்குப் பகுதி சரிந்தது. பிளேக் பயத்தில் 1903-இல் பிறந்த வாரியத்தின் இடத்தை 1988-இல் எடுத்துக்கொண்டது மைசூர் நகர வளர்ச்சி ஆணையம், ஊர்வழக்கில் ‘மூடா’. கையகப்படுத்திய நிலத்துக்கு ஈடாக மனை ஒதுக்கியதில் முறைகேடு என்ற புகாரின் பேரில் 2024-இல் லோக்ஆயுக்தாவும் அமலாக்கத் துறையும் அந்த ஆணையத்தின் கோப்புகளைத் தேடி மைசூருக்கு வந்தன. 1831-இல் வண்டியேறிப் போன கோப்புகளின் இடத்தில் இப்போது மைசூருக்கென்று சண்டைக்குரிய கோப்புகள் சேர்ந்துவிட்டன, ஒவ்வொன்றிலும் பெங்களூர் விலையில் ஒரு மனை.