முதியோர் இல்லங்களில் பார்வையாளர் விதிகளும் தொற்றுத் தடுப்பும்: தூத்துக்குடிக் கரையை முன்வைத்து

முதியோர் இல்லத்தில் தொற்று தென்பட்டதும் நிர்வாகம் முதலில் செய்வது, பார்வையாளரை வாசலோடு நிறுத்துவது. இது துறைமுகம் கற்றுத்தந்த முறை. 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கும்வரை கொழும்புக்குப் போவோரின் முதன்மையான கப்பல்வழி தூத்துக்குடியாக இருந்தது. பிளேக் அச்சம் நிலவிய அக்காலத்தில், இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்கள் அருகிலுள்ள தட்டப்பாறை முகாமில் சில நாள் தடுத்து வைக்கப்பட்ட பின்பே கப்பலேறினர். பின்னர் அந்த வேலை மண்டபம் முகாமுக்கு மாறியது. 2020 ஜூனில் கொழும்பிலிருந்து ஜலாஷ்வா கடற்படைக் கப்பலில் வந்திறங்கிய ஏறத்தாழ 700 பேரை எதிர்கொண்டதும் அதே தருக்கம்தான்.

துறைமுகத் தடுப்புக்குக் கெடு உண்டு. நோயரும்பு காலம் கழிந்தால் பயணி போய்விடுவார். முதியோர் இல்லத்தில் இருப்பவர் எங்கும் போவதில்லை. பலருக்கு அதுவே கடைசி வீடு. எனவே அங்கே வாசலை மூடும் ஆணைக்கு முடிவுநாள் தானாக அமையாது. இல்லங்களுக்கான பார்வையாளர் விதியைத் துறைமுக விதியின் நகலாக எழுதக் கூடாது என்பதற்கு இதுவே முதன்மையான காரணம்.

இரண்டாவது காரணம், தொற்று வரும் வழி. 2020 தொடக்கத்தில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துக் கிர்க்லாண்ட் பராமரிப்பு இல்லத்தோடு தொடர்புடைய 167 கொரோனா நோயாளிகளில் 101 பேர் அங்கு வசித்தவர்கள், 50 பேர் பணியாளர்கள், 16 பேர் பார்வையாளர்கள். யார் கொண்டுவந்தார் என்பதை இந்த எண்கள் காட்டா. தொற்றியவர்களை மட்டுமே எண்ணுகின்றன. ஆனால் ஒரே பணியாளர் பல இல்லங்களில் வேலை பார்த்ததும், உடல்நலமில்லாமலே பணிக்கு வந்ததும் பரவலுக்கு உதவியதாக ஆய்வு கண்டது. அதே வட்டாரத்து மற்றோர் இல்லத்தில் சோதிக்கப்பட்ட 76 பேரில் 48 பேருக்குத் தொற்று இருந்தது. அவர்களில் 27 பேருக்கு அந்த நாளில் அறிகுறி எதுவுமில்லை. வாசலில் காய்ச்சல் பார்க்கும் கருவி இத்தகையோரைப் பிடிக்காது. நாள்தோறும் மூன்று ஷிப்டில் வந்துபோகும் ஆயாக்களுக்குச் சம்பளத்துடன் நோய்விடுப்பு இல்லையென்றால், பார்வையாளர் பதிவேடு எவ்வளவு ஒழுங்காக இருந்தும் பயனில்லை.

மேலைநாட்டு வழிகாட்டிகள் பார்வையாளர் என்றதும் மகனையோ மகளையோ நினைக்கின்றன. தமிழகத்து இல்லங்களுக்கு, குறிப்பாக அறக்கட்டளைகளும் திருச்சபைகளும் நடத்துபவற்றுக்கு, கூட்டமாக வருபவர் உபயதாரர். பிறந்தநாள், திருமணநாள், நினைவுநாள் என்று சாப்பாட்டோடு குடும்பமாக வந்து, பரிமாறி, படமும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். கிறிஸ்துமஸ் காலத்திலும், ஆகஸ்டு 5இல் நிறைவுறும் பனிமய மாதா திருவிழாவை ஒட்டியும் இது கூடுவது இயல்பு. இல்லத்தின் சமையற்கட்டு ஓரளவு இதை நம்பித்தான் ஓடுகிறது. ஆகவே நிர்வாகி இவர்களை மறுக்கத் தயங்குவார், உறவினரை மறுக்க அவ்வளவு தயங்கமாட்டார். தொற்றுக் கணக்கிலோ நிலைமை நேர்மாறு. தெரிந்த ஒரே முகம் வாரம் ஒருமுறை ஒரு கட்டிலருகே உட்காருவதைவிட, இருபது புதுமுகங்கள் எல்லாக் கட்டில்களையும் சுற்றிவருவதில் ஆபத்து அதிகம். கொண்டுவரும் சோற்றிலும் சிக்கல் உண்டு. பேசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரியின் வித்துகள் கொதியிலும் அழிவதில்லை. காலையில் வடித்த சோறு தூத்துக்குடி வெக்கையில் மதியம்வரை அண்டாவில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சு சுரக்கும். 60 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக இல்லாத உணவை இரண்டு மணி நேரத்துக்குள் பரிமாறிவிட வேண்டும். உபயத்தை அரிசியாக, பணமாக வாங்கி இல்லத்திலேயே சமைப்பது இரண்டு ஆபத்தையும் குறைக்கும். படம் எடுக்க வாய்ப்பில்லாமல் போவதுதான் இதிலுள்ள நடைமுறைத் தடை.

உறவினருக்கான நேரமும் கரைக்கு ஏற்றதாக அமைய வேண்டும். இங்கே விசைப்படகு காலை 5 மணிக்குப் புறப்பட்டு இரவு 9 மணிக்குள் திரும்ப வேண்டும் என்பது விதி. ஆகவே மாலை 4 முதல் 6 வரை என்ற பலகை, படகில் போகும் மகனுக்கு எதிரானது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் நீடிக்கும் மீன்பிடித் தடைக்காலத்தில் அவர் கரையில்தான் இருப்பார். விடிவதற்குள் உப்பளம் இறங்குபவருக்குப் பிற்பகல் ஒழியும். நேரத்தைப் பரப்பி வைத்தால் நெரிசலும் குறையும். வரம்பு வைத்துத் திறப்பதும் இயலும் என்பதற்கு நெதர்லாந்து எடுத்துக்காட்டு. அது 2020 மார்ச்சில் பார்வையாளரை முற்றிலும் தடுத்தது. மே மாதம் 26 இல்லங்களில், ஒருவருக்கு ஒரு பார்வையாளர் என்று சோதனையாகத் திறந்தது. விதிகள் பெரும்பாலும் நன்றாகவே பின்பற்றப்பட்டன.

இந்தியச் சட்டத்தில் பார்வையாளர் விதிகளுக்கு இடம் குறைவு. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, மாவட்டத்துக்கு ஒன்றேனும் ஆதரவற்ற 150 முதியோருக்கான இல்லம் பற்றிப் பேசுகிறது. பார்க்க வருபவரின் உரிமையைப் பேசவில்லை. 2020 ஆகஸ்டு 4இல் உச்ச நீதிமன்றம் பராமரிப்பாளர்களுக்குப் பாதுகாப்பு உடையும் இல்லங்களுக்குக் கிருமிநீக்கமும் வேண்டும் என்றது. தடை வந்தால் அது எத்தனை நாள், யார் மறுபரிசீலிப்பது, மரணப்படுக்கையில் இருப்பவரைப் பார்க்க யாருக்கு விலக்கு ஆகிய மூன்றையும் மாநில விதிகளில் எழுதலாம்.

எல்லாத் தொற்றுக்கும் ஒரே விதி பொருந்தாது. நோரோ வைரஸ் வயிற்றுப்போக்கில் சானிடைசரைவிடச் சோப்பும் தண்ணீருமே நம்பத்தக்கவை. சொறிசிரங்கு முதன்முறை தொற்றினால் அரிப்பு தொடங்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். அது வெளியே தெரியும் நாளில் வாசலை மூடிப் பயனில்லை. அங்கே வேண்டியது, வசிப்போரும் பணியாளரும் அடிக்கடி வரும் உறவினரும் ஒரே நாளில் மருந்து பூசிக்கொள்வதும், துணிகளையும் விரிப்புகளையும் வெந்நீரில் அலசிக் காயவைப்பதும்.