காட்டுப்பன்றிக்கு எந்தத் தோட்டா? .303, .315, 30-06, 12 போர்... என்ன வித்தியாசம்? யார் சுடலாம்?

பிசான நெல் கதிர் பிடிக்கும் நேரம், வாழை குலை தள்ளும் நேரம். தாமிரபரணிப் பாசனத்தின் மலையடிவார ஊர்களில் விவசாயிகளுக்கு ராத்திரித் தூக்கம் போய்விடும். பாபநாசம், மணிமுத்தாறு, களக்காடு பக்கம் காட்டுப்பன்றிக் கூட்டம் ஒரு தடவை இறங்கினால் போதும், பல மாத உழைப்பு விடியும்போது சேறும் சகதியுமாகக் கிடக்கும்.

"பன்றியைச் சுட அனுமதி கொடுங்க" என்ற கோரிக்கை பல வருடங்களாக உண்டு. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அதற்கு நிபந்தனைகளோடு வழிவிட்டது. சரி, சுடுவது என்றால் எந்தத் துப்பாக்கி? எந்தத் தோட்டா? பெயரைக் கேட்டால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே, உண்மையில் என்ன வித்தியாசம்?

முதலில், யார் சுடலாம்?

விவசாயி சுட முடியாது. பயிற்சி பெற்ற வனத்துறையினர் மட்டுமே சுடலாம். அதுவும் எல்லா இடத்திலும் இல்லை.

* காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ. வரை: சுடக் கூடாது.
* 1 முதல் 3 கி.மீ. வரை: பிடித்துக் காட்டுக்குள் விடலாம். சுடக் கூடாது.
* 3 கி.மீ. தாண்டி: வனத்துறை சுடலாம்.

மலையை ஒட்டியே வயல் வைத்திருப்பவர்களுக்கு இந்த மூன்றாவது அனுமதி பயன்படாது. 1988-ல் உருவான களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் ஓரத்தில் இருக்கும் பல ஊர்களின் நிலை இதுதான்.

மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் நடைமுறை வேறு. 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களே உத்தரவு போடலாம், லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்களை வைத்துச் சுடலாம். "அங்கே முடிகிறது, இங்கே ஏன் முடியாது?" என்று நெல்லை விவசாயி கேட்பது இதனால்தான்.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். துப்பாக்கி லைசென்ஸ் வேறு, சுடும் அனுமதி வேறு. பயிர்ப் பாதுகாப்புக்கு என்று ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வாங்கியிருந்தாலும், வன உயிரினச் சட்டப்படி அனுமதி இல்லாமல் பன்றியைச் சுட்டால் அது வேட்டைதான். வழக்கு வரும், சிறை வரைக்கும் போகும்.

தோட்டா வேறு, குண்டு வேறு

பேச்சில் இரண்டையும் ஒன்றாகச் சொல்கிறோம். தோட்டா என்பது முழுப் பொருள்: பித்தளைக் கூடு, அடியில் தீப்பொறி தரும் கேப், உள்ளே மருந்து, முனையில் குண்டு. சுட்டதும் பறந்து போவது முனையில் இருக்கும் குண்டு மட்டும். கூடு துப்பாக்கியிலேயே தங்கிவிடும்.

.303, .315 என்ற எண்கள் குழலின் உள்விட்டத்தை அங்குலத்தில் ஒட்டி வைத்த பெயர்கள். 30-06 என்பதில் 30 குழல் அளவு, 06 என்பது 1906-ம் ஆண்டு. அமெரிக்க ராணுவம் அந்தத் தோட்டாவை ஏற்ற வருடம்.

மூன்று ரைஃபிள் தோட்டாக்கள்: ஒரு ஒப்பீடு

* .303: பழைய பிரிட்டிஷ் ராணுவத் தோட்டா. குண்டு 11.3 கிராம். குழலை விட்டுக் கிளம்பும் வேகம் நொடிக்கு சுமார் 744 மீட்டர். தாக்கும் சக்தி சுமார் 3,100 ஜூல்.
* .315: 1890-களின் ஆஸ்திரிய ராணுவத் தோட்டாவின் வழிவந்தது. அந்த மூலத் தோட்டாவின் குண்டு 15.8 கிராம், வேகம் சுமார் 620 மீட்டர், சக்தி சுமார் 3,000 ஜூல். கனமான குண்டு, மெதுவான வேகம்.
* 30-06: குண்டு வழக்கமாக 9.7 முதல் 11.7 கிராம். 11.7 கிராம் குண்டு சுமார் 820 மீட்டர் வேகத்தில் போகும். சக்தி 3,900 ஜூலுக்கு மேல்.

காகிதத்தில் பார்த்தால் 30-06 முன்னால் நிற்கிறது. தூரமாகச் சுடும்போது இந்த வித்தியாசம் தெரியும். .315-ன் குண்டு மெதுவாகப் போவதால் சீக்கிரம் கீழே இறங்கும். ஆனால் ராத்திரி வாழைத் தோட்டத்தில் 50 மீட்டருக்கு அப்பால் பன்றி தெளிவாகத் தெரிவதே அரிது. அந்தத் தூரத்தில் மூன்றும் ஏறக்குறைய ஒரே வேலையைத்தான் செய்யும்.

அப்போ சட்டம் ஏன் பிரித்துப் பார்க்கிறது?

பொதுமக்கள் கையில் இருக்கும் துப்பாக்கியில் ராணுவ, போலீஸ் தோட்டா பொருந்தக் கூடாது. சட்டத்தின் கணக்கு அவ்வளவுதான். 2016 ஆயுத விதிகளின்படி .303, 7.62 மி.மீ. ராணுவத் தோட்டாக்களைப் போட்டுச் சுடக்கூடிய ரைஃபிள்கள் தடை செய்யப்பட்ட ரகம். மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்த .315 ரைஃபிள் பார்ப்பதற்கு .303 போலவே இருக்கும். ஆனால் அதில் .303 தோட்டா பொருந்தாது. அதனால் லைசென்ஸில் கிடைக்கும்.

இதைவிட வேடிக்கை .308-க்கும் 30-06-க்கும் உள்ள உறவு. இரண்டின் குண்டும் ஒரே 7.82 மி.மீ. விட்டம். கூட்டின் நீளம்தான் வேறு: ஒன்று 51 மி.மீ., மற்றொன்று 63 மி.மீ. 51 மி.மீ. கூடு ராணுவத்தின் 7.62 தோட்டாவோடு பொருந்துவதால் அது தடை. 63 மி.மீ. பொருந்தாததால் அதற்கு அனுமதி உண்டு. குண்டு ஒரே அளவுதானே என்று தோட்டாவை மாற்றிப் போடுவது ஆபத்து, கூடு வெடித்துச் சுடுபவர் முகத்திலேயே அடிக்கலாம்.

12 போர் எங்கே வருகிறது?

ஊரில் லைசென்ஸ் துப்பாக்கி என்றால் பெரும்பாலும் ஒற்றைக்குழல் அல்லது இரட்டைக்குழல் 12 போர்தான். 12 என்பது விட்டம் அல்ல. ஒரு பவுண்டு ஈயத்தில் 12 உருண்டை செய்தால், ஒரு உருண்டையின் அளவே குழலின் உள்விட்டம், அதாவது சுமார் 18.5 மி.மீ.

இதில் பெரும்பாலும் ஒரே குண்டு போகாது. உள்ளே பால்ரஸ் போல உருண்டைகள் இருக்கும். பறவைக்கான பொடிக் குண்டு பன்றியின் தோலைத்தான் கீறும். எஸ்.ஜி. என்ற ரகத்தில் சுமார் 8 மி.மீ. தடிமனில் எட்டு, ஒன்பது உருண்டைகள். எல்.ஜி. ரகத்தில் உருண்டை இன்னும் பெரிது, எண்ணிக்கை குறைவு. 30 மீட்டர் வரை இவை சேர்ந்து போகும். அதற்கு மேல் சிதறும். சிதறினால் பன்றி சாகாது, காயத்தோடு ஓடும்.

முடிவு செய்வது குண்டின் முனை

.315-ஆ 30-06-ஆ என்று வாதிடுவதைவிட, முனையில் என்ன குண்டு என்று பார்ப்பதே முக்கியம்.

* முழு உலோக உறைக் குண்டு: ராணுவ ரகம். விரியாது. உடம்பை ஊசி போலத் துளைத்து மறுபக்கம் வெளியேறும்.
* மென்முனைக் குண்டு: நுனியில் ஈயம் வெளியே தெரியும். உடம்பில் பட்டதும் காளான் போல விரியும். சக்தி உள்ளேயே இறங்கும்.
* செப்புக் குண்டு: ஈயம் இல்லை. விரியும், ஆனால் துண்டு துண்டாகச் சிதறாது. ஈயத் துணுக்கு கலந்த உடலைத் தின்னும் கழுகு முதலான உயிர்களுக்கு விஷமாகிறது என்பதால், அமெரிக்காவின் கலிபோர்னியா 2019-ல் வேட்டைக்கு ஈயக் குண்டையே தடை செய்தது.

விரியும் குண்டுக்கு 'டம் டம்' என்று பெயர் வந்ததே நம் நாட்டிலிருந்துதான். 1890-களில் கொல்கத்தா அருகே டம் டம் ஆயுதச் சாலையில் .303-க்கு மென்முனைக் குண்டு செய்தார்கள். மனித உடலில் அது செய்யும் கொடுமையைப் பார்த்து 1899 ஹேக் மாநாடு போரில் அதற்குத் தடை போட்டது. வேட்டையில் மட்டும் கணக்கு தலைகீழ். பன்றியை உடனே விழச் செய்து, அதன் வேதனையைக் குறைப்பது விரியும் குண்டுதான்.

வளர்ந்த ஆண் பன்றிக்குத் தோள்பட்டையில் கேடயம் போலத் தடித்த தோல் உண்டு. துளைத்துக்கொண்டு போன குண்டால் அது உடனே விழாது. புதருக்குள் படுத்துக் கிடக்கும். மறுநாள் காலை தண்ணீர் பாய்ச்ச வரும் ஆள் மீதுதான் பாயும்.

பள்ளத்தாக்கில் இன்னொரு ஆபத்து

தவறிய ரைஃபிள் குண்டு 3 கி.மீ.க்கு மேலும் போகும். காட்டில் மலைச்சரிவு அதைத் தடுத்துவிடும். சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் பக்கம் நிலம் அப்படி இல்லை. சமதளமான வயல், நடுவில் வாய்க்கால், கொஞ்சம் தள்ளித் தெரு. சுடுபவர் உயரத்தில் நின்று கீழ்நோக்கிச் சுட வேண்டும், பன்றிக்குப் பின்னால் மண்மேடு இருக்க வேண்டும். 12 போர் உருண்டை சில நூறு மீட்டரில் விழுந்துவிடும். ஊரை ஒட்டிய இடத்தில் அதற்கு இருக்கும் ஒரே பெரிய அனுகூலம் இதுதான்.

குறுக்கு வழி உயிரைக் குடிக்கும்

அனுமதி கிடைக்காத கோபத்தில் சிலர் அவுட்டுக்காய் வைக்கிறார்கள், வேலியில் திருட்டு மின்சாரம் விடுகிறார்கள். இவை ஆளைப் பார்த்து வேலை செய்வதில்லை. வாய் கிழிந்து பட்டினியில் செத்த யானைகள் உண்டு. பக்கத்து வயல்காரர், சில நேரம் வேலி போட்டவரே மின்சாரம் தாக்கி இறந்ததும் உண்டு. நாட்டுத் துப்பாக்கியும் அப்படித்தான், குழல் எப்போது வெடிக்கும் என்று யாருக்கும் தெரியாது.

சுருக்கமாக

* 50 மீட்டருக்குள் .303, .315, 30-06 மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.
* .303 பொதுமக்களுக்குக் கிடையாது. .315, 30-06, 12 போர் லைசென்ஸில் கிடைக்கும்.
* பன்றிக்கு மென்முனைக் குண்டு. 12 போர் என்றால் எஸ்.ஜி. அல்லது எல்.ஜி., அதுவும் 30 மீட்டருக்குள்.
* எது கையில் இருந்தாலும் விவசாயி சுடக் கூடாது. பன்றி வந்தால் வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் கொடுங்கள். பயிர்ச் சேதத்தைப் படம் எடுத்து வைத்து, இழப்பீட்டுக்கு மனு போடுங்கள்.