பகுதிநேரத் தீயணைப்பு வீரர்களின் ஓய்வூதியம் (பிரிட்டன்)

பிரிட்டனின் சிற்றூர்களில் தீயணைப்புப் பணி பெரும்பாலும் பகுதிநேர வீரர்களை நம்பியே நடக்கிறது. வேறு தொழில் பார்த்துக்கொண்டே, பேஜர் ஒலித்தால் சில நிமிடங்களில் நிலையத்துக்கு ஓடிவருபவர்கள் இவர்கள். தயார்நிலையில் இருப்பதற்கு ஆண்டுத் தொகையும், அழைப்புக்கு ஏற்ற ஊதியமும் உண்டு.

நீண்ட காலம் இவர்களுக்கு ஓய்வூதியம் இருக்கவில்லை. 1992ஆம் ஆண்டுத் திட்டம் முழுநேர வீரர்களுக்கானது. இருபது ஆண்டுகள் நெருப்பில் நின்ற பகுதிநேர வீரர் இதய நோயால் விலக நேர்ந்தால், முழுநேரச் சகாவுக்குக் கிடைத்த நோய்க்கால ஓய்வூதியம் அவருக்குக் கிடைக்காது. பணியில் பட்ட காயத்துக்கு இழப்பீடு உண்டு. பணியால் வராத நோய்க்கு வழியில்லை. இது வெளிப்படையான அநீதி.

பகுதிநேர ஊழியரைக் குறைவாக நடத்தக் கூடாது என்ற விதிமுறைகள் 2000 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தன. ஏறத்தாழ 12,000 வீரர்கள் வழக்குத் தொடுத்தனர். மேத்யூஸ் வழக்கு எனப்படும் இதில் கீழ்நிலை மன்றங்கள் கைவிரித்தன. 2006 மார்ச்சில், அப்போது உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 3-2 என்ற பெரும்பான்மையில் வீரர்கள் பக்கம் சாய்ந்தது. இரு தரப்பினரும் செய்யும் வேலையில் எது பொதுவானது, அது எவ்வளவு முக்கியமானது என்றே முதலில் பார்க்க வேண்டும் என்றார் நீதிபதி ஹேல். மறுவிசாரணையில் தீர்ப்பாயமும் 2008இல் அதை ஏற்றது.

2006 ஏப்ரலில் தொடங்கிய புதிய திட்டம் பகுதிநேர வீரர்களையும் சேர்த்துக்கொண்டது. இதன்படி, சுயேச்சையான மருத்துவரின் கருத்தைப் பெற்ற பிறகே நோய்க்கால ஓய்வு தரப்பட்டது. தீயணைப்பு வேலைக்கு மட்டும் தகுதியிழந்தவர், அதுவரை சேர்ந்த ஓய்வூதியத்தை உடனே பெற முடிந்தது. எந்த வேலையும் முறையாகச் செய்ய முடியாதவருக்கு, நோய் வராதிருந்தால் பணியாற்றியிருக்கக்கூடிய காலத்தின் ஒரு பகுதியும் கணக்கில் சேர்ந்தது.

பழைய பாக்கி தீர மேலும் காலம் பிடித்தது. பழைய பணிக்காலத்தைத் திட்டத்தில் சேர்க்க 2014இல் வந்த திருத்தம் 2000 ஜூலை வரை மட்டுமே பின்னோக்கிச் சென்றது. பகுதிநேர நீதிபதி ஓபிரையன் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2018இல் அளித்த தீர்ப்பே அதற்கு முந்தைய பணிக்காலத்துக்கும் கதவைத் திறந்தது. அதன்படி அந்தப் பணிக்காலத்தையும் திட்டத்தில் சேர்க்க 2023 அக்டோபரில் இரண்டாவது வாய்ப்பு தொடங்கியது.

ஆனால் அந்த ஆண்டுகளை வாங்க, அக்காலத்துக்குரிய சந்தாவை உறுப்பினரே செலுத்த வேண்டியிருந்தது. உடல்நலமும் வருமானமும் இழந்து வெளியேறியவருக்கு இது கடுமையான நிபந்தனை.