சாலமரச் சோலையும் சிலுவையும்

சக்கரதர்பூரிலிருந்து கூண்டி வழியாக ராஞ்சி செல்லும் நம்மவர், சாலையோர ஊர்களில் வெட்டப்படாது நிற்கும் சாலமரக் கூட்டங்களைக் கண்டிருப்பர். அவற்றை விறகுக்காடு என்று எண்ணியவர் நம்மிற் பலர். அது சர்ணா, முண்டா மக்களின் கோயில். ஐயனார் கோயிற்காட்டில் சுள்ளி ஒடிக்கவும் அஞ்சி வளர்ந்த நாம் இதனை உணர இத்தனை ஆண்டுகள் சென்றமை வியப்பே.

சால் பூக்கும் பருவத்தில் பாகன் என்னும் பூசாரி அங்கே சர்ஹுல் வழிபாடு நிகழ்த்துவார். யாவற்றிற்கும் மேலான தெய்வம் சிங்போங்கா. இறந்தோர் எலும்பின்மேல் இடப்படும் பெருங்கல் சசந்திரி. அக்கல் நினைவுச் சின்னம் மட்டுமன்று; காடு திருத்திய முதற்குடி எது என்பதற்குச் சான்றும் ஆகும். எனவே அம்மக்களிடம் தெய்வத்தையும் நிலத்தையும் பிரித்தல் இயலாது.

ஆங்கிலேயர் ஆட்சியில் அந்நிலம் ஜமீன்தார் கைக்கும் வட்டிக்காரர் கைக்கும் போயிற்று. 1885இல் தோர்ப்பாவில் வந்து தங்கிய பெல்ஜிய நாட்டுச் சேசுசபைப் பாதிரியார் கான்ஸ்டன்ட் லீவன்ஸ், நிலச் சட்டத்தைக் கற்று, குடிகளின் வழக்குகளுக்குத் துணைநின்றார். சில ஆண்டுகளில் பல்லாயிரவர் கத்தோலிக்கராயினர். ஆயின் போங்காக்களுக்குப் பலியிடலும், ஊர் ஆடுகளமாகிய அக்ராவின் ஆட்டமும் கைவிடப்பட வேண்டியவை ஆயின. நிலத்தைக் காக்க வந்தவரிடம் தெய்வத்தை ஒப்படைத்தனர் என்றே நமக்குத் தோன்றுகிறது. பட்டினியறியாத நாம் அவர்களைக் குறை கூறுதல் எளிது.

இதற்கு மறுமொழிபோல எழுந்தவர் 1875இல் பிறந்த பிர்சா முண்டா. இளமையில் லுத்தரன் மிஷன் பள்ளியில் பயின்றவர். பின் மிஷனை விட்டு நீங்கி, சிங்போங்கா ஒருவரையே வணங்குமாறு போதித்தார். அரசின்மீதும் பாதிரியார்மீதும் அவருக்குச் சினம் ஒன்றே. 1899 கிறிஸ்துமஸ் முன்னாள் இரவில் அவர் கூட்டத்தாரின் அம்புகள் சர்வதா மிஷன்மீதும் பாய்ந்தன. 1900 ஜூன் 9இல் பிர்சா ராஞ்சிச் சிறையில் உயிர்நீத்தார்.

அந்த மிஷனில் இருந்தவர் ஜான் ஹாஃப்மன் என்னும் ஜெர்மானியப் பாதிரியார். அம்பு பாய்ந்த வீட்டிலிருந்து அவர் பகையோடு வெளிவரவில்லை என்பதே இவ்வரலாற்றில் நம்மை நிற்கச் செய்வது. முதற்குடிகளின் நிலவுரிமையை விளக்கி அவரும் லிஸ்டர் என்னும் அதிகாரியும் எழுதிய குறிப்பு, 1908ஆம் ஆண்டுச் சோட்டாநாக்பூர் குடிவாரச் சட்டத்தோடு இணைக்கப்பெற்றது. பழங்குடி நிலம் வெளியார் கைக்குச் செல்வதை அச்சட்டம் தடுத்தது. அன்றியும், தம் சபை விலக்கிய போங்காக்களையும், திருவிழாக்களையும், பாட்டுகளையும் அவரே ஒவ்வொன்றாகத் தொகுத்தார். ஜெர்மானியர் என்பதால் 1915இல் நாடுகடத்தப்பட்ட பின்னும் அப்பணியை விடவில்லை, 1928இல் மறைந்தார். ‘என்சைக்ளோபீடியா முண்டாரிக்கா’ 1930 முதல் பல பெருந்தொகுதிகளாக அச்சேறியது.

2016இல் ஜார்க்கண்ட் அரசு அந்த 1908ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்த முயன்றது. சர்ணா வழிபாட்டினரும் கிறிஸ்தவரும் ஒருங்கே எதிர்த்தனர். சந்தால் குலத்தவரான ஆளுநர் திரௌபதி முர்மு 2017இல் மசோதாவைத் திருப்பியனுப்ப, அவ்வாண்டே அது கைவிடப்பட்டது.