ஏற்பிகளை அடக்கும் யுபிகுயிட்டின்: கண்டுபிடிப்பின் வரலாறு

ஏற்பி என்பது உயிரணுவின் மேற்பரப்பில் இருந்து, வெளியே வரும் செய்தியை உள்ளே கடத்தும் புரதம். செய்தி சென்றதும் அது அடங்க வேண்டும். அடங்காவிட்டால் உயிரணு கட்டுப்பாடின்றிப் பெருகிப் புற்றுநோய்க்கு வழிவகுக்கலாம். யுபிகுயிட்டின் என்ற சிறு புரதத்தை அடையாளமாக ஒட்டி, உயிரணு அந்த ஏற்பியை அகற்றுகிறது. இது தெளிவாக ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஆயிற்று.

இரு தனி வழிகள்

1976இல் கிரகாம் கார்ப்பென்டர், ஸ்டான்லி கோஹென் இருவரும் மேற்றோல் வளர்ச்சிக் காரணி ஏற்பியில் பிணைந்தபின் உயிரணுவுக்குள் இழுக்கப்பட்டு, லைசோசோமில் சிதைவதைக் காட்டினர். எந்த ஏற்பி அழிய வேண்டும், எது மேற்பரப்புக்குத் திரும்ப வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது எது என்ற கேள்வி எஞ்சியது.

யுபிகுயிட்டினை 1975இல் கிடியன் கோல்ட்ஸ்டைன் குழுவினர் விவரித்தனர். 76 அமினோ அமிலங்கள் கொண்ட இப்புரதம் எங்கும் காணப்பட்டதால் இப்பெயர் பெற்றது. அது பிற புரதங்களில் ஒட்டி அவற்றை அழிவுக்குக் குறிப்பதை ஆரோன் சிச்சனோவர், அவ்ராம் ஹெர்ஷ்கோ, இர்வின் ரோஸ் கண்டறிந்து, 2004இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர். எஸ். விஜய்குமார் உள்ளிட்டோர் 1985, 1987ஆம் ஆண்டுகளில் அதன் முப்பரிமாண அமைப்பை வெளியிட்டனர். அந்நாளில் இது புரோட்டியசோமுக்கான அடையாளமாகவே கருதப்பட்டது.

வழிகள் இணைந்தன

1996இல் லிண்டா ஹிக்கி, ஹோவர்ட் ரீஸ்மன் இருவரும் ஈஸ்ட்டின் இனச்சேர்க்கை ஏற்பி ஒன்றில் யுபிகுயிட்டின் ஒட்டுவதே அது உள்ளிழுக்கப்படக் காரணம் என்று காட்டினர்.

அடுத்த தடயம் எலிகளில் புற்றை உண்டாக்கும் வைரசிடமிருந்து வந்தது. 1989இல் அதில் அறியப்பட்ட மரபணு சிபிஎல். இயல்பான சிபிஎல் புரதம் ஏற்பியில் யுபிகுயிட்டினை ஒட்டி அதை அழிவுக்கு அனுப்புவதையும், வைரசின் குறைபட்ட வடிவம் ஏற்பியை மேற்பரப்புக்கே திருப்புவதையும் 1998இல் யோசப் யார்டன் குழு காட்டியது. சிபிஎல் யுபிகுயிட்டினை ஒட்டும் நொதி என்பது 1999இல் உறுதியானது.

செயல்முறை

1. செய்தி மூலக்கூறு பிணைந்ததும் ஏற்பியின் டைரோசின்களில் பாஸ்பேட் சேர்கிறது.
2. அங்கு சிபிஎல் வந்து, ஏற்பியின் லைசின்களில் யுபிகுயிட்டினை ஒட்டுகிறது.
3. ஏற்பி நுண்பைக்குள் இழுக்கப்படுகிறது. ஸ்காட் எமர் குழு 2001இல் விவரித்த புரதத் தொகுதியும் அதைத் தொடர்ந்து அறியப்பட்ட தொகுதிகளும் அடையாளத்தைக் கண்டு, ஏற்பியைப் பையின் உள்ளே தள்ளுகின்றன.
4. யுபிகுயிட்டின் கழற்றப்பட்டு மீண்டும் பயன்படுகிறது. ஏற்பி லைசோசோமில் செரிக்கப்படுகிறது.

முக்கியத்துவம்

சில நுரையீரல் புற்றுகளில் மெட் என்னும் ஏற்பியின் மரபணுவில் 14ஆம் எக்சான் விடுபடுகிறது. சிபிஎல் பிணையும் இடம் அதில்தான் உள்ளது. அதனால் ஏற்பி அழியாமல் நீடித்துச் செய்தியைத் தொடர்ந்து கடத்துகிறது. இந்நோய்க்கான கேப்மாட்டினிப் மருந்துக்கு அமெரிக்கா 2020இல் ஒப்புதல் அளித்தது. அணைக்கும் பொறி பழுதுபட்டால், ஓயாத ஏற்பியை மருந்தால் தடுக்க வேண்டியிருக்கிறது.