கைநாட்டும் ஐந்து பைசாவும்

திருவனந்தபுரத்துக்கு மாற்றலாகி வந்து ஏழு வருஷம் ஆச்சு. எங்கள் கிளைக்குத் தென்காசிப் பக்கத்து அம்மா ஒருவர் மாசாமாசம் வருவார். வீட்டு வேலை செய்கிறவர், கைநாட்டுக் கணக்கு. போன மாசம் மை டப்பாவை நீட்டினால் தள்ளிவிட்டு, "பேனா குடுங்க தம்பி" என்றார். பெயரை எழுதினார், மலையாளத்தில்! தெருமுனை வாயனசாலையில் சாயங்கால வகுப்புக்குப் போகிறாராம்.

அன்று ராத்திரி என் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பார்த்தேன் (பேங்க் புத்தி!). நூலக வரி, ரூபாய்க்கு ஐந்து பைசா. இத்தனை வருஷம் கவனிக்காமலே கட்டியிருக்கிறேன். இந்த ஐந்து பைசா எப்படி வந்தது என்று தேடினால் பெரிய கதை.

1945ல் பி.என். பணிக்கர் என்ற பள்ளி ஆசிரியர், 47 கிராம நூலகங்களைச் சேர்த்து அம்பலப்புழையில் திருவிதாங்கூர் கிரந்தசாலை சங்கத்தை ஆரம்பித்தார். தொடங்கி வைத்தவர் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர். கஜானா சாவி யாரிடமோ அவரிடம்தானே கேட்கணும்? அரசு மானியம் வாங்கி, ஊர் ஊராக வாயனசாலை திறந்து, பெரியவர்களுக்கு எழுத்தும் சொல்லிக் கொடுத்தார்கள். 32 வருஷம் பணிக்கர்தான் செயலாளர். 1975ல் யுனெஸ்கோவின் குரூப்ஸ்கயா விருதும் வந்தது.

இரண்டே வருஷத்தில், 1977ல், அரசு சங்கத்தையே எடுத்துக்கொண்டது. பணிக்கர் வெளியே. மனிதர் சும்மா உட்காரவில்லை. அதே வருஷம் முறைசாராக் கல்விக்காக கான்ஃபெட் அமைப்பைத் தொடங்கிவிட்டார்.

மானியத்தின் சிக்கல் இதுதான். கொடுத்த கை நாளைக்கு நிறுத்தலாம், பிடுங்கவும் செய்யலாம். சட்டத்தில் எழுதிய வரி அப்படியல்ல.

இதை முன்னாலேயே புரிந்துகொண்டவர் நம்ம சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன். 1930ல் காசியில் நடந்த கல்வி மாநாட்டில் மாதிரி நூலகச் சட்டத்தை முன்வைத்தார். விடாமல் வாதாடி, 1948ல் அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது. வீட்டு வரியோடு நூலக வரி! மலபார் அப்போது சென்னை மாகாணம். அதனால் 1956ல் கேரளம் உருவானபோது வடக்கே சட்டம், தெற்கே மானியம். மாநிலம் முழுமைக்கும் ஒரே சட்டம் வந்தது 1989ல்தான். தேர்தல் மூலம் அமையும் நூலகக் கவுன்சில், அதற்கு என் ரசீதில் இருக்கிற அந்த ஐந்து பைசா. 1995ல் மறைந்த பணிக்கர் இதைக் கண்ணால் பார்த்துவிட்டார்.

அதே சமயத்தில்தான் எழுத்தறிவு இயக்கம். 1990 பிப்ரவரியில் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமானது. 1991 ஏப்ரல் 18ல் கேரளமே எழுத்தறிவு பெற்றதாக கோழிக்கோட்டில் அறிவித்தவர், புதிதாகப் படிக்கக் கற்ற சேலக்கோடன் ஆயிஷா. ஆனால் இயக்கம் ஒருநாள் முடியும், நிதியும் நிற்கும். கற்ற எழுத்து மறக்காமல் இருக்கப் பக்கத்தில் வாசிக்க இடம் வேணும். அந்த இடத்தைக் காப்பாற்றுவது தொடர்ந்து வருகிற சில்லறைதான்.

தமிழ்நாட்டில் நூலக வரி ரூபாய்க்குப் பத்து பைசா, இங்கேயுள்ளதைவிட இரண்டு மடங்கு. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு கேரளம் 94 சதவீதம், நாம் 80. அப்போ கட்டினால் மட்டும் போதாது. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது கவுன்சிலரையோ எம்.எல்.ஏ.வையோ பார்த்தால் கேளுங்கள்: நூலக வரி எவ்வளவு வசூலாச்சு, எவ்வளவு நூலகத்துக்குப் போச்சு, பெரியவங்களுக்கு வகுப்பு எங்கே நடக்குது?

அந்த அம்மா கிளம்பும்போது கேட்டார்: "மலையாளம் வந்துருச்சு தம்பி. ஊர்ல எங்க வீட்டுப் பத்திரம் தமிழ்ல இருக்கு, அதை நானே படிக்கணும். தமிழ் எங்க சொல்லித் தருவாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.